நின்றுகொண்டு ஓட்டும் வண்டி

மருத்துவமனையின் குறியீட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, என்ன காயம், எதனால் நேர்ந்தது என்பதற்குரிய எண்ணை இடவேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கும் மின்சார சைக்கிளுக்கும் தனித்தனி எண்கள் வந்த பின்பு, படித்துப் படித்துக் கண் பூத்துப்போயிற்று.

அன்று வந்த குறிப்பு அவளுடைய கொழுந்தனுடையது. மணிக்கட்டு முறிவு, காரணம், மோட்டார் சைக்கிள். அவனோ நின்றுகொண்டு ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவன். தெருமுனையில் அவனைத் தூக்கி நிறுத்தியவளே அவள்தான். அந்த ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை; மோட்டார் சைக்கிள் என்று எண் விழுந்தாலோ காப்பீட்டு நிறுவனம் உரிமம் கேட்கும். அவனிடம் உரிமம் கிடையாது. நிறுவனம் கையை விரித்துவிடும்.

ஆயினும் குறிப்பில் இல்லாததற்கு எண் இடக்கூடாது. கண்ணால் கண்டதாயினும் கூடாது. டாக்டரைக் கேட்கலாம், பதிலைக் கேள்விக்குள் ஒளித்து வைத்துக் கேட்கலாகாது. "எவ்வகை வண்டி? நின்று ஓட்டுவதா, அமர்ந்து ஓட்டுவதா?" என்று கணினிவழிக் கேட்டனுப்பினாள். "ஆம்" என்று பதில் வந்தது.

பெருமூச்செறிந்து, மாடியேறி வார்டுக்குப் போனாள்.

"தம்பி, டாக்டர்கிட்ட என்ன வண்டின்னு சொன்னீங்க?"

"பைக்குன்னு சொன்னேன் அண்ணி. பக்கத்து பெட்டுக்காரர் லாரி மோதி வந்திருக்காரு. நான் போய் அந்தக் குட்டி வண்டியில வழுக்கி விழுந்தேன்னா மானம் போகாதா?"

"மானத்தைக் காப்பாத்திட்டீங்க. ஆபரேஷன் செலவை யாரு காப்பாத்துவா, உங்க அண்ணனா?"

"நீங்கதானே நம்பர் போடுறீங்க? சத்தமில்லாம மாத்திடுங்களேன்."

"என் வேலை போயிடும். நீங்களே வாயைத் திறங்க. நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

அவள் சொல்லியனுப்ப, இரவுப்பணி முடிந்தும் வீடு திரும்பாத டாக்டர் சிவந்த கண்களோடு வந்தார். "இன்னும் என்னம்மா? பதில் அனுப்பிட்டேனே."

"'ஆம்'னு அனுப்பியிருக்கீங்க சார்."

சிரிக்கவும் அவருக்குத் தெம்பில்லை. நோயாளியிடம் திரும்பி, "எந்த வண்டிப்பா?" என்றார்.

கொழுந்தன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அவள் சுவரை நோக்கி நின்றாள்.

"நின்னுக்கிட்டே ஓட்டுவாங்களே சார், அந்த வாடகை ஸ்கூட்டர்... கரண்டுல ஓடுறது."

"அடப்பாவி!" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "நூறுல பறந்தேன்னு காலையிலேர்ந்து என்கிட்ட அளந்தியேடா!"

டாக்டர் குறிப்பைத் திருத்தும்வரை நின்றிருந்துவிட்டே அவள் கீழே இறங்கினாள். உரிய எண்ணை இட்டபின், செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டாள்.