சமாதானச் செம்மலின் மைக்

கிளென்வில் தோட்டத்து மக்களுக்கும், அவர்கள் வழியாக மலேசியத் தமிழினத்துக்கும், ஆற அமர யோசித்தால் உலக அமைதிக்குமே மிக முக்கியமான ஓர் அறிவிப்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டது.

"மெய்யன்பர்களே! அம்மன் அருளாலும், ஆலயத் தலைவர், சமாதானச் செம்மல், உயர்திரு சதாசிவம் அவர்களின் அயராத முயற்சியாலும், தர்மேந்திரன் – குமுதா தம்பதியரைச் சேர்த்து வைக்கும் வைபவம் இன்று காலை பத்து மணிக்குக் கோவில் மண்டபத்தில் நடைபெறும். அனைவரும் வருக. வைபவம் முடிந்ததும் சுடச்சுட மீகூன் சேமியா வழங்கப்படும்."

அறிவித்தவர் செயலாளர் ஜெயபாலன். செம்மல் பட்டத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கோப்பெங்கைத் தாண்டி உள்ளே போனால் வரும் அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. மரங்களைச் சாய்த்துவிட்டு வரிசை வீடுகள் கட்டி, தாமான் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மிஞ்சியது கோவிலும் கங்காணி வம்சத்துக் குரலும்தான். சதாசிவத்தின் தாத்தா அந்தக் குரலால் ஆட்களைப் பால்மரத்துக்கு விரட்டினார். பேரன் அதே குரலால், மைக் வைத்து, பெண்டாட்டிகளைப் புருஷன் வீட்டுக்கு விரட்டுகிறார். முன்னேற்றம் என்றால் இதுதான்.

அறிவிப்பு வந்த நேரத்தில் குமுதா, பக்கத்து வீட்டு நவமணியின் அடுப்படியில் இடது கையில் மாவுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் சேலை கட்ட முடியவில்லை. நவமணிதான் கொசுவம் மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"மீகூனாம்டி. உன் கை ஒடஞ்சதுக்குத் தாமானுக்கே விருந்து."

"சும்மா இரு அக்கா. அம்மன் கூப்புடுது, போவாம இருக்க முடியுமா?"

"அம்மனா கூப்புட்டுச்சு? ஜெயபாலன்ல கூப்புட்டான்! அம்மனுக்கு எப்பலா மீசை மொளைச்சிச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் நவமணி. சிரிக்கும்போது இப்போதெல்லாம் புறங்கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள். முன்பல் இரண்டும் புதன்கிழமை சாயங்காலத்தோடு போய்விட்டன.

அந்தப் புதன்கிழமை, செம்பனைக் குலை லாரி ஓட்டும் தர்மேந்திரன் வீட்டுக்கு வந்தபோது குழம்பில் உப்புக் கூடியிருந்தது. அல்லது குறைந்திருந்தது. அவனுக்கு எதுவானாலும் சரிதான். குக்கர் மூடியை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்கக் குமுதா கையைத் தூக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கீழே சுருண்டவளின் வயிற்றில் அவன் மிதிக்கத் தொடங்கியபோது, நவமணி பின்வாசல் வழியாக ஓடிவந்து அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். அதன் பிறகு விழுந்த மிதியெல்லாம் நவமணியின் முதுகில் விழுந்தது. "டேய், செத்துருவாடா!" என்று சொல்லத் தலையை நிமிர்த்தியதுதான் தப்பு. அவன் மோட்டார்சைக்கிள் ஹெல்மட்டால் அந்த வாயிலேயே அடித்தான்.

வாயில் துணியை அடைத்துக்கொண்டு குமுதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவளேதான். அங்கிருந்து நேரே போலீசுக்குப் போகலாம் என்றாள். ஆனால் சேதி தெரிந்து சதாசிவம் போன் பண்ணினார். "அம்மன் இருக்கும்போது போலீஸ் பாலாய்க்கு எதுக்கும்மா? ஞாயித்துக்கெழம நான் பேசி முடிச்சிடுறேன்." அம்மன் என்ற சொல் காதில் விழுந்தால் குமுதாவின் கால் அதற்கு மேல் நகராது. அது செம்மலுக்கும் தெரியும்.

இரண்டு பெண்களும் ஈப்போவில் ஒரு சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள். ஹோட்டல்களிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க, இந்த முனைக்கு ஒரு ஆள், அந்த முனைக்கு ஒரு ஆள் வேண்டும். குமுதா விலா வலியோடு வந்த நாட்களில் நவமணி அவளை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, விரிப்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வாள். சூப்பர்வைசர் வந்து கேட்டால், "அவ கக்கூசுக்குப் போயிருக்கா, அதுக்கும் கணக்கா?" என்று பாய்வாள். குமுதா ஒருமுறை கண் கலங்கி, "அக்கா, ரொம்ப நன்றி..." என்று ஆரம்பித்தபோது, "அந்த வார்த்தைய மேடையில பேசுறவனுங்களுக்கு விட்டு வை. நீ எந்திரிச்சு அந்த முனையப் புடி" என்று வாயை அடைத்துவிட்டாள். அதனால் அந்தச் சொல் குமுதாவின் தொண்டைக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடந்தது.

மண்டபத்து வாசலில் ஜெயபாலன் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வெளிய இருங்க நவமணி. நல்ல காரியம் நடக்குற எடம்."

நவமணியின் புருஷன் லகாட் சாலையில் விபத்தில் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அவன் சாவுக்கு அவள் பொறுப்பில்லை என்பதைக் காப்பீட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கோவில் கமிட்டி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜெயபாலண்ணே, நான் மீகூனத் தொட்டா அதுவும் தாலியறுத்துருமா?" என்று கேட்டுவிட்டு, அவள் செருப்பு வைக்கும் பலகையில் போய் உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே மேடையில் சதாசிவம், கழுத்தில் தானே வாங்கிவந்த மாலையோடு, மைக்கைத் தடவிக்கொண்டு நின்றார். கனத்த இரும்புக் கட்டையில் குத்தி நிறுத்திய மைக் அது. அதை வேறு யாரும் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. பெண்டாட்டியைக்கூட அவர் அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை என்பார்கள். வெளியே இருந்த நாலு குழாய்களும் அவர் சொன்னதைத் தாமான் முழுக்க அள்ளிக் கொட்டின.

"கை ஒடஞ்சா ஒட்டிக்கும். குடும்பம் ஒடஞ்சா ஒட்டாது!"

கைதட்டினார்கள். கை ஒடிந்தவளால் மட்டும் தட்ட முடியவில்லை.

அந்தக் கோவிலில் சமாதானத்துக்கு ஒரு முறை உண்டு. அம்மன் முன்னால் தாம்பாளத்தில் சூடம் ஏற்றுவார்கள். சத்தியம் செய்கிறவர் உள்ளங்கையால் அறைந்து அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். தர்மேந்திரன் இதில் பழுத்த அனுபவசாலி. முதலில் பக்தியோடு தீர்த்தச் செம்பில் கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பிறகு அந்த ஈரக் கையாலேயே சூடத்தை ஒரு போடு போடுவான். அன்றும் அப்படியே செய்தான்.

"இனிமே இவமேல கைய வைக்க மாட்டேன். அம்மன் மேல சத்தியம்."

சுர்ரென்ற சத்தத்தோடு சூடம் அணைந்தது. ஈரக் கையை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

"இப்ப குமுதாவும் ஒரு சத்தியம் செய்யணும்" என்றார் சதாசிவம். குமுதா நிமிர்ந்து பார்த்தாள். இதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "குடும்பம் கெடுறதுக்கு வெளியாளுதான் காரணம். தாலியறுத்தவளுக்கு, தாலியோட இருக்கறவளப் பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். பேரச் சொல்ல வேணாம், அவ வெளிய செருப்புக்கிட்டதான் உக்காந்துருக்கா. அவகூடப் பேச மாட்டேன், அவ வாசப்படி மிதிக்க மாட்டேன், வேலையக்கூட வேற எடத்துக்கு மாத்திக்கிறேன்னு குமுதா அம்மன் முன்னால சொல்லணும். அவ்வளவுதான்."

தர்மேந்திரன் சத்தியத்தை மீறுவான் என்று கமிட்டிக்குத் தெரியும். குமுதா மீறமாட்டாள் என்பதும் தெரியும். அந்தச் சமாதானம் முழுவதும் நின்றது இந்த இரண்டாவது நம்பிக்கையின்மேல்தான்.

புதிய சூடம் எரிந்தது. சத்தியம் தாமானுக்கே கேட்கட்டும் என்று சதாசிவம் மைக்கைக் குமுதா பக்கம் நகர்த்தி வைத்தார். குமுதா வாசல் பக்கம் திரும்பினாள். நவமணி தலையைக் குனிந்து, பலகையிலிருந்த யாருடைய செருப்பையோ ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். குழாய் வழியாக அவளைப் பற்றிச் சொன்னது தாமானில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவள் எழுந்து திட்டவில்லை. குமுதா சத்தியம் செய்துவிடுவாள் என்றே அவளும் நினைத்துவிட்டாள் போலிருந்தது. புறங்கை வாயை மறைத்திருந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை.

குமுதா தீர்த்தச் செம்பைத் தள்ளி வைத்தாள். காய்ந்த வலது கையைச் சூடத்தின்மேல் அழுத்தினாள். எடுக்கவில்லை.

"தாயே, நான் சொல்றேன், கேட்டுக்க. இன்னிக்கு நான் உசுரோட உன் முன்னால நிக்கிறதுக்கு நவமணியக்காதான் காரணம். நீ வரல. தலைவர் வரல. அவதான் வந்தா. என் அடிய அவ வாங்கிக்கிட்டா. அவள நான் விட மாட்டேன். இந்த ஆளு வீட்டுப் படிய இனிமே மிதிக்க மாட்டேன். இது சத்தியம்."

கையை எடுத்தபோது சதை கருகிய வாடை வந்தது. சூடம் அணைந்திருந்தது.

முறைப்படி பார்த்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். மண்டபத்தில் யாரும் முறைப்படி பார்க்கவில்லை.

"என்னாடி சொன்ன?" தர்மேந்திரனின் குரலைத் தொடர்ந்து கை வந்தது. சத்தியம் செய்த உள்ளங்கையின் ஈரம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. கூந்தலைப் பிடித்து இழுத்து முகத்தைத் தூணில் மோதினான். ஒருமுறை. மறுமுறை. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கீழே விழுந்தவளின் மாவுக்கட்டைக் குறிபார்த்து மிதித்தான். கட்டு விரிசல் விட்டு உடைந்தது. குமுதா அலறிய அலறல் நாலு குழாய்களிலும் போய், தாமான் கடைக்கோடியில் காய்கறி லாரியை நிறுத்தியிருந்த சீனக் கிழவரைத் திடுக்கிட வைத்தது.

கமிட்டி உறுப்பினர்கள் செயலில் இறங்கினார்கள். அதாவது, மேடையிலிருந்து இறங்கினார்கள். ஜெயபாலன் மீகூன் அண்டாவைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தினார். சதாசிவம் மட்டும் பதவியின் கடமை மறக்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அமைதி... புருசன் பொண்டாட்டி விசயம்... தயவுசெய்து யாரும் குறுக்க போவாதீங்க... அமைதி..." என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

செருப்புப் பலகை கவிழ்ந்த சத்தம் கேட்டது.

நவமணி மண்டபத்துக்குள் வந்தாள். அமங்கலம் உள்ளே வந்ததைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நனைந்த விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை அவளுடையது. "தள்ளுங்கண்ணே" என்று செம்மலை ஒரு கையால் ஒதுக்கினாள். அவர் மாலையோடு போய் நாற்காலிகளுக்குள் உட்கார்ந்தார். மைக் கம்பத்தின் கழுத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, இரும்புக் கட்டை மேலே இருக்க, ஓங்கினாள்.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அவன் திரும்பினான். "தேவடியா..." என்று தொடங்கியது முடியவில்லை. இரண்டாவது அடி தாடையில் இறங்கியது. ணங்கென்ற அந்தச் சத்தம் குழாய்களில் கோவில் மணியைவிடத் துல்லியமாக ஒலித்தது. அவன் முட்டிபோட்டு விழுந்து, ரத்தத்தோடு எதையோ துப்பினான். பல்தான். அவள் மூன்றாவது தடவை ஓங்கினாள்.

"அக்கா, போதும் லா," குமுதா தரையிலிருந்து சொன்னாள். "செத்துருவான். நீ உள்ள போயிட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

நவமணி கம்பத்தைக் கீழே போட்டாள். குழாய்கள் கீச்சென்று ஒரு தரம் கத்திவிட்டு ஓய்ந்தன.

வெளியே வந்து இருவரும் நவமணியின் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்றார்கள். நவமணி தன் முந்தானையைக் கிழித்து குமுதாவின் நெற்றியில் அழுத்தினாள்.

"கையக் காட்டுடி. கொழுக்கட்ட மாதிரி வீங்கிருக்கு. கிறுக்கச்சி, அவன் நனைச்சிக்கிட்டானே, நீயும் நனைக்க வேண்டியதுதானே?"

"நெசமாச் சொல்றப்ப எதுக்கு நனைக்கணும்?"

"இப்ப ரெண்டு கையும் போச்சு. சோறு யாரு ஊட்டுவா?"

"நீதான்."

"ஆமா, எனக்கு வேற வேல இல்ல பாரு." நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டார்ட்டரை உதைத்தாள். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள். "ஏன்டி, அத்தினி பேரு கேக்க, மைக்குல போயா சொல்லுவ?"

"தனியாச் சொன்னா நீதான் விட மாட்டியே."

வண்டி கிளம்பியது. பிடித்துக்கொள்ளக் கையில்லாததால் குமுதா நவமணியின் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். மிதிபட்ட முதுகு அது. நவமணிக்கு வலித்திருக்கும். ஆனால் அவள் நகரவில்லை. நேரே கோப்பெங் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்களிடம், எதையும் பார்க்கவில்லை என்று கமிட்டியில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். பார்த்தவர் யாரும் இல்லை, கேட்டவர்கள் மட்டும் தாமான் முழுக்க இருந்தார்கள். சீனக் கிழவரே முதல் ஆளாக வந்து வாக்குமூலம் கொடுத்தார். தாடையில் கம்பி கட்டியிருந்த தர்மேந்திரனை ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோனார்கள். நவமணியையும் உட்கார வைத்து நெடுநேரம் விசாரித்தார்கள். குமுதா பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போகச் சொன்னபோதும் போகவில்லை.

ஆடித் திருவிழா வந்தது. அன்று குமுதாவும் நவமணியும் சலவைக் கூடத்தில் கூடுதல் வேலையில் இருந்தார்கள். குமுதாவின் கை இன்னும் முழுசாக நீளவில்லை. ஆனாலும் அந்த முனையை அவளே பிடித்திருந்தாள்.

அதே நேரத்தில் கோவில் மண்டபத்தில், ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியதற்காகச் சதாசிவத்துக்கு 'மகளிர் காவலர்' பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார் ஜெயபாலன். காவலர் எழுந்து, இடுக்கண் வந்தபோது தோள்கொடுத்த அனைவருக்கும் பேர் பேராக நன்றி சொல்லி ஒரு மணி நேரம் உணர்ச்சிபொங்க உரையாற்றினார்.

மைக் வேலை செய்யவில்லை.