நான்காம் படுக்கையின் கையுறைகள்

அன்றைக்குக் கையுறையை மாற்றினேனா, மாற்றவில்லையா?

எந்த வேலைக்கு நடுவிலும் அந்தக் கேள்வி குல்ஷனுக்குள் வந்து நின்றுவிடுகிறது. இப்போது அவள் குனிந்து, நான்காம் படுக்கைக்காரன் கேசவனின் சிறுநீர்ப் பையில் அளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைவிடக் குறைவு. நிறமும் கெட்டி டிகாஷன் மாதிரி. மாற்றியிருப்பேன், மாற்றாமல் எப்படிப் போவேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பக்கத்துப் படுக்கை ராஜகோபாலனின் முதுகைத் துடைத்தது நினைவிருக்கிறது. "துணி சில்லுனு இருக்கும்மா" என்று அவர் சிணுங்கியதும் நினைவிருக்கிறது. இரண்டு படுக்கைக்கும் நடுவில் தன் கைகள் என்ன செய்தன என்பதுதான் நினைவில் இல்லை.

"கம்மியா வருதா சிஸ்டர்?" கேசவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"கொஞ்சம் கம்மிதான். மருந்து அப்படி. பேசாம படுங்க."

"அம்மாம் பெரிய பிரஸ்ஸு கடிச்சே சாகல நானு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு தூக்கினு போவும் போல கீதே."

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி அவன். பிரஸ் மெஷினில் இடது கை முழங்கைவரை நசுங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோடு வந்து தாம்பரத்தில் இடம் கிடைத்த இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. புண் ஆறத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் வந்தது. ஒரு மருந்து போட்டார்கள், அதைவிடப் பெரிய மருந்து போட்டார்கள், காய்ச்சல் அசையவில்லை. புண்ணின் சீழையும் ரத்தத்தையும் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்ததில், கிளெப்சியெல்லா என்று வந்தது. பரிசோதித்த மருந்துகளில் ஒன்றைத் தவிர எதற்கும் அது அடங்கவில்லை.

"பழைய மருந்து. கிட்னியை அடிக்கும்னு ஒதுக்கி வெச்சிருந்தது. இப்போ இதை விட்டா வேற இல்ல" என்றார் டாக்டர் அனுப்பிரியா. தொற்று நோய்களுக்காக வாரத்தில் சில நாள் மட்டும் வந்துபோகிறவர். "பாதியில நிறுத்தினா அவ்ளோதான். மத்த பேஷன்ட்டுக்குப் போகாமப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்வது என்றால் ஒரு பச்சைத் திரை. தனி அறை காலியில்லை என்றார்கள். திரைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் புதுக் கையுறை, புது மேலங்கி. வெளியே வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். அத்தனையும் நோயாளியின் பில்லில் ஏறும். அதுதான் அங்கே முறை.

"டாக்டருங்க திரைக்கு வெளியவே நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடறாங்க. அவங்களுக்கு இன்னா, ஒரு கிளவுசும் வாணாம்" என்று துப்புரவுப் பணியாளர் சுந்தரவல்லி முணுமுணுப்பாள். "தொட்டுத் தூக்குற நம்ம தலையிலதான் எல்லாப் பேஜாரும்."

கேசவனின் மனைவி உதயா பார்வையாளர் நேரத்தில் திரையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். ஒருநாள் லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில், நோயாளிகளின் ஆட்கள் துண்டு காயப்போடும் இடத்தில், வரிசையாகக் கையுறைகள் தொங்குவதைக் குல்ஷன் பார்த்தாள். காற்று புகுந்து விரல்கள் உப்பியிருந்தன.

"இன்னாக்கா இது?"

"குப்பைத் தொட்டிலேர்ந்து எடுத்தேன் சிஸ்டர். சோப்பு போட்டுத் தேச்சு, டெட்டாலும் ஊத்திக் கழுவினேன். பாருங்க, ஒரு ஓட்டை இல்ல." உதயா ஒன்றைக் கழற்றித் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். "ஒருவாட்டி போட்டுத் தூக்கிப் போட்டுர்றீங்க. எல்லாம் எங்க மேலதானே ஏறுது? இதையே போட்டுக்கோங்க அவருக்கு."

குல்ஷன் அதைப் பறித்தாள். "அய்யோ, கையைக் கழுவுங்க மொதல்ல" என்று அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையுறைகளைக் கிருமிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். உதயா அழவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் குல்ஷனின் கை கையுறைப் பெட்டியின் மேல் தயங்க ஆரம்பித்தது. சொட்டு மருந்தின் வேகத்தைக் குறைக்க மட்டும்தானே, கை கழுவினால் போதாதா? போர்வையை இழுத்துவிட மட்டும்தானே, போட்டிருப்பதே இருக்கட்டுமே? யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரு ஏழைப் பெண்ணுக்கு ரகசியமாக எதையோ கொடுப்பதுபோல் அவளுக்குள் ஒரு இதம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்த இதம்தான் குமட்டியது.

ராஜகோபாலனுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். வீட்டுக்குப் போகும் தறுவாயில் குளிர் ஜுரம் கண்டது. அதே கிருமி.

மதியம் நிர்வாகி வேதசிரோமணி கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ராஜகோபாலன் சாரோட பையன் கேள்வி மேல கேள்வி கேக்கறார். அடுத்த வாரம் தரச்சான்றுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேற. அந்த நாலாம் பெட்டை இன்னிக்கே அனுப்பிடணும்மா."

"எங்க சார்?"

"வீட்டுக்குத்தான். காய்ச்சல் இறங்கியிருக்கு இல்ல? மாத்திரை எழுதித் தருவாங்க."

"இதுக்கு மாத்திரை கிடையாது சார். ஊசி நிறுத்தினா திரும்ப ஏறிடும்."

"எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உயரவில்லை. "பில் கட்டவேண்டிய கான்ட்ராக்டர் போனையே எடுக்க மாட்டேங்கறான். நான் எத்தனை நாள் வெச்சுக்க முடியும்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்காவது ரெஃபர் பண்ணலாமே சார்?"

"பண்ணினா கிருமி பேரை எழுதணும். இங்கேர்ந்து போச்சுன்னு ஆகும். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். டாக்டர் சொன்னாலும் அவன் சம்சாரம் உன் முகத்தைத்தான் பாக்குது. நீ போய், சரியாயிடுச்சு, கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

குல்ஷன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வார்டுல கேமரா இருக்கும்மா. யார் எங்க தொட்டுட்டு எங்க தொட்டாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். நான் இன்னும் போட்டுப் பாக்கல." தேநீரை ஆற்றியபடி அவர் தொடர்ந்தார். "உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் இங்கதானே இருக்கு? இங்கதான் வேலை செய்வேன்னு எழுதிக் குடுத்த பாண்டு முடியற நேரம். நல்லபடியா வாங்கிட்டுப் போகணும் இல்லையா?"

படியேறும்போது பெருங்களத்தூர் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று நெரிசலில் சிக்கி அலறுவது கேட்டது. அவள் சம்பளத்தில்தான் அத்தாவின் இருதய மாத்திரை, தம்பி முதாசிரின் பாலிடெக்னிக். சர்டிபிகேட் இல்லாமல் தாம்பரத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் போய் நிற்க முடியாது. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த பயங்கள். தெரியாத ஒன்று அதற்கும் அடியில் இருந்தது: கேசவன் போய்விட்டால் நன்றாக இருக்கும். அந்தத் திரை போய்விடும். கையுறையை மாற்றினாயா என்று கேட்கிற அந்தக் குரலும் அவனோடு படியிறங்கிப் போய்விடும். ஒரு வார்த்தைதானே. அவள் படியில் நின்றாள். கழுவிக் கழுவித் தோல் வெடித்த தன் விரல் கணுக்களை மூடித் திறந்தாள். அவன் எங்கே போய்ச் செத்தாலும் கையுறைக்குத் தயங்கிய அந்தக் கை இதுதான்.

திரைக்கு அருகில் சக்கர நாற்காலி தயாராக நின்றது. சுந்தரவல்லி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குல்ஷனின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். வேதசிரோமணி லிஃப்டில் முன்னாலேயே வந்திருந்தார். உதயா தலைவாரிப் பூ வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"வூட்டுக்கு அனுப்பறாங்களாமே சிஸ்டர்! நேத்து ராவே சாரு போன் பண்ணாரு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னாரு. ஓடியாந்தேன், ட்ரெயின்ல உக்காரவே முடியல எனக்கு."

கையிலிருந்த பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டை. சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர் மஞ்சள் நூலில் பளிச்சென்று இருந்தது. சட்டையின் இடது கையைத் தோளிலிருந்து நீளமாகக் கிழித்து, பிசிறு தெரியாமல் ஓரம் மடித்துத் தைத்து, கட்டின் மேல் முடிந்துகொள்ள நாலு ஜோடி நாடா வைத்திருந்தாள்.

"ராவெல்லாம் குந்தித் தெச்சேன். கட்டு மேல சரியா நிக்கும் இல்ல?"

படுக்கையிலிருந்து கேசவன் தலையைத் தூக்கிச் சட்டையைப் பார்த்தான். பிறகு குல்ஷனைப் பார்த்தான்.

"சொல்லும்மா" என்றார் வேதசிரோமணி இதமாக. "அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

குல்ஷன் அந்தச் சட்டையை உதயாவின் கையிலிருந்து வாங்கினாள். நாடாக்களை உள்ளே மடித்து, கசங்காமல் நாலாக மடித்து, மறுபடி அவள் பைக்குள்ளேயே வைத்தாள்.

"இல்லக்கா" என்றாள். "இன்னும் சரியாகல."