முகத்துக்குப் பூசிய செம்பு

வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். வீட்டுக்குள்ளேயும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். தன் குடும்பத்தைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிடக் கூடாது. அதனால் மாடி வீட்டுக்காரி படிக்கட்டில் நிறுத்தி, "தோல் டாக்டர்கிட்ட உங்க பொண்ணைப் பார்த்தேன் மாஸ்டர். முகத்தை இளசாக்கற மருந்தாம். அம்பதுக்கு மேல யாருக்காகவாம்?" என்று சிரித்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

மகள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கல்யாணம் கைகூடாமல் போனவள்; மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தை அளந்துவிட்டு வருகிறவள். கையில் சின்னக் குப்பி. உள்ளே மை போல நீலமாக ஏதோ.

"என்ன அது?"

"காப்பர் பெப்டைடுப்பா. புரதத்துல ஒரு துளியூண்டு துண்டு, அதோட செம்பு சேர்ந்திருக்கும். நம்ம உடம்புலயே இருக்கறதுதான், வயசானா குறைஞ்சுடுமாம். வெளியிலேருந்து பூசினா தோல் கொஞ்சம் இறுகும், கோடு மங்கும்னு சொல்றாங்க. டாக்டர் சத்தியமெல்லாம் பண்ணல."

"பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்கன்னு தெரியும். முகத்துக்குச் செம்பு பூசறதை இப்பதான் பார்க்கறேன்."

"பாத்திரமும்தான் நசுங்கிப்போச்சே."

அவர் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல எந்தப் பொம்பளையும் ஊர் வாயில விழுந்ததில்லை. யாருக்காக இதெல்லாம்?"

அவள் குப்பியை மூடினாள். "அம்மாவுக்காக."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவிக்கு ஞாபகம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பேரன் பேத்தி எடுக்காத குறை, ஓய்வுக்காலம், இந்த வீடு எல்லாம் ஒவ்வொன்றாக அழிந்து, இப்போது புதுக்குடித்தனம் நடத்திய ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். தினமும் சாப்பாடு ஊட்டும் மகளையே பார்த்து, "நீங்க யாரும்மா? நல்லா இருப்பீங்க. எங்க பாப்பா இன்னும் ஸ்கூல்லேருந்து வரலையே, வழியில பார்த்தீங்களா?" என்று கேட்பாள்.

"வந்துடுவா" என்று அந்தப் பாப்பாவே பதில் சொல்வாள்.

"எனக்கு வயசாகிப்போனதாலதானே அவங்களுக்கு அடையாளம் தெரியல" என்றாள் மகள். "ஒரே ஒரு தடவை 'பாப்பா'ன்னு கூப்பிட்டுட்டாங்கன்னா போதும்பா."

டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார், இருந்தாள். வேறு எதையும் கண்டபடி கலந்து பூசாதே என்றார், பூசவில்லை. தலைக்குச் சாயம் போட்டாள். வெயிலில் போவதைக் குறைத்தாள். மாதங்கள் போயின. மருந்தோ, சாயமோ, எது செய்த வேலையோ, கன்னம் உப்பி, வாயோரக் கோடு மங்கி, தாடை எடுப்பாகத் தெரிந்தது. மாஸ்டர் பேப்பருக்கு மேலாக அவளைப் பார்ப்பார். அது யார் சாயல் என்று அவருக்குத் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை மகள் தட்டோடு அறைக்குள் போனாள். நாற்காலியில் இருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை. தள்ளாடி எழுந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"அத்தை... நான் உட்காரலை அத்தை. இப்பதான், கால் வலிச்சுதுன்னு..."

மகள் கையில் தட்டு சாய்ந்தது. "அம்மா, நான்தாம்மா."

"பாலை நான் குடிக்கலை. பாப்பா அழுதா, அவளுக்குத்தான் கொஞ்சம் எடுத்தேன். வேணும்னா சட்டியைப் பாருங்க. அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தை. டியூட்டி முடிஞ்சு களைச்சு வருவார்."

மாஸ்டர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். மகள் முகத்தில் அவர் கண்ட சாயல் தன் அம்மாவுடையது.

தன் அம்மாவும் மனைவியும் தாயும் பிள்ளையும் போல இருந்தார்கள் என்று எத்தனை சபையில் மார் தட்டியிருக்கிறார். தகராறு என்று ஒரு வார்த்தை அவர் காதுக்கு வந்ததில்லை. வராமல் இவள் பார்த்துக்கொண்டாள் என்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. பச்சைக் கொடி காட்டி ஊரை எல்லாம் பத்திரமாக அனுப்பி வைத்தவருக்கு, தன் அடுக்களைக்குள் என்ன நடந்தது என்று தெரியாது.

மகள் அன்றே பூசுவதை நிறுத்தினாள். சாயத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். பலனில்லை. மனைவிக்கு அந்த முகம் பதிந்துவிட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். "அத்தை சாப்பிட்டாங்களா?" என்று கதவைப் பார்ப்பாள். இரண்டு நாளில் கண் குழிந்துவிட்டது. இப்படியே விட்டால் தாங்காது என்று அவளைப் பார்க்க வந்த டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாஸ்டர் மகளைக் கூப்பிட்டார். "தட்டை எடுத்துட்டு உள்ளே வா. நான் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே."

அவள் வந்தாள். மனைவி எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். மாஸ்டர் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, மகளுக்கு நேராக நிமிர்ந்து நின்றார். தன் அம்மாவிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

"அம்மா, தட்டை இங்கே வைங்க."

மகள் விழித்தாள். சட்டென்று புரிந்து, வைத்தாள்.

"இவ என் பொண்டாட்டி. இந்த வீட்டுல அவ வயிறாரச் சாப்பிடுவா. பாப்பாவுக்கு வேணுங்கற பாலை எடுப்பா. யாரும் சட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது." கதவைக் கை காட்டினார். "இனிமே நீங்க இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. வெளியே போங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "என்னங்க, அவங்களைப் போய் இப்படிப் பேசிட்டீங்களே" என்றாள். சொல்லும்போதே வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார். பழக்கமில்லாத கை; பாதி சிந்தியது. அவள் கடைசிக் கவளம் வரை சாப்பிட்டுவிட்டு, "பாப்பா வந்தா எழுப்புங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

"சாப்பிட்டாங்களாப்பா?"

"சாப்பிட்டா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்ப ராத்திரிக்கும் வரேன். இதே மாதிரி திட்டுங்க."