தும்முகிற ஃபேன்

சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்த அன்றுதான் அம்மாவின் வேலைக்கு ஆபத்து என்பது மகளுக்குத் தெரிய வந்தது. அம்மாவுக்குக் கை தவறவே தவறாது. என்னவென்று துருவித் துருவிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது.

ஃபேன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அம்மாவுக்கு வேலை. நாலு நாற்காலி, நாலு போன். மூன்றாவது நாற்காலி அம்மாவுடையது. வந்ததோ குளிர்காலம். போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறவன் எவன் ஃபேனைப் பற்றிப் புகார் சொல்வான்? நாள் முழுக்க நாலு பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"போனே அடிக்க மாட்டேங்குது, நாலு பேர் எதுக்குன்னு மேனேஜர் கேக்கறாரு. ரெண்டு பேரை அனுப்பிடப் போறாங்களாம்" என்றாள் அம்மா. அதற்குள் பக்கத்து வீட்டில் போன் மணி கேட்கவே, "வணக்கம், சொல்லுங்க சார்" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவின் சம்பளத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள். யோசித்துப் பார்த்தாள். போன் அடிக்காததுதானே பிரச்சினை? அடிக்க வைத்தால் போயிற்று.

மறுநாளிலிருந்து கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. அம்மா சொல்லிவிட்டுப் போனபடி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குரல் மாறட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அம்மாவின் ஆபீசுக்குப் போன் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கிழவர் குரலில், "மூணாவது சீட்டு மேடத்தைக் கொடுங்க" என்றாள்.

"வணக்கம், சொல்லுங்க சார்" என்று வந்தது அம்மாவின் ஆபீஸ் குரல். வீட்டில் ஒருநாளும் கேட்காத தேன் குரல்.

"எங்க வீட்டு ஃபேன் தலைகீழாத் தொங்குதும்மா."

"ஃபேன் அப்படித்தான் சார் தொங்கும்."

"அப்படியா? சரி, அது தும்முது."

"தும்முதா?"

"ஆமா. விட்டு விட்டு. ஜலதோஷம் மாதிரி."

அம்மா விலாசம் கேட்டாள். விலாசம் என்ற ஒன்றை மகள் யோசித்தே வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வாய்க்கு வந்தது அவர்கள் குடியிருக்கும் கட்டடம்தான். நல்லவேளை, மாடி எண்ணையாவது ஒன்று கூட்டிச் சொன்னாள்.

"பதிவு பண்ணிக்கிட்டேன் சார். போனை வைச்சதும் முதல்ல அடுப்புல இருக்கிற பாலைப் பாருங்க. பொங்கிடப் போகுது."

வாளியோடு ஓடிப் போய் அடுப்பை அணைத்தாள் மகள்.

சாயங்காலம் அம்மா வந்து செருப்பைக் கழற்றினாள். "பால் பொங்கிச்சா?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றி அப்புறம் மூச்சு விடவில்லை. ஆனால் மறுநாளும் ஃபேன் தும்மியது. அதற்கடுத்த நாள் விக்கியது. "உங்க வீட்டுல வயசுப் பொண்ணு இருந்தா, துணியை மடிச்சு வைக்கச் சொல்லுங்க சார், காத்து நல்லா வரும்" என்று அம்மாவும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் கம்பெனி கார் வந்து நின்றது. மாடிப்படி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மகளுக்கு உயிரே போய்விட்டது. முன்னால் மேனேஜர், பின்னால் பேயறைந்த மாதிரி அம்மா. இத்தனை தடவை கூப்பிட்ட வாடிக்கையாளரை நேரில் பார்த்துச் சமாதானம் செய்யாவிட்டால் கம்பெனி மானம் போய்விடும் என்று மேனேஜர் கிளம்பி வந்திருந்தார்.

மகள் நாலுகால் பாய்ச்சலில் மாடிக்கு ஓடினாள். மேல்வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "சார், ஒரு சின்ன உதவி..."

"படியில இப்படியா ஓடி வருவ? செருப்புச் சத்தம் காதைக் கிழிக்குது!"

அவள் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"வணக்கம் சார். உங்க ஃபேன் தும்முதுன்னு கேள்விப்பட்டோம்."

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"தும்முதா?" என்றார் வாத்தியார். "இருமுதுய்யா! வாங்கின நாள்ல இருந்து லொக்கு லொக்குன்னு இருமுது! இப்பவாவது வந்தீங்களே. உள்ள வாங்க."

உள்ளே போன மேனேஜர் லேசில் வெளியே வரவில்லை. ஃபேன் உங்கள் கம்பெனிதானா என்று பார்க்கச் சொல்லி அவரை ஸ்டூல் மேல் ஏற்றினார் வாத்தியார். அவர் கம்பெனி ஃபேனேதான். இறங்கலாம் என்றால் விடவில்லை. ஃபேன் வந்த அட்டைப்பெட்டி சரியில்லை, கம்பெனி விளம்பரத்தில் ஒற்றுப்பிழை, மேனேஜர் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குகிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் பதினேழாம் வாய்ப்பாடும் கேட்டார். மேனேஜருக்குப் பாதியில் மறந்துவிட்டது.

ஒருவழியாக வெளியே வந்தவருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது.

"மேடம், இந்த மனுஷரையா நீங்க வாரம் பூரா போன்ல சமாளிச்சீங்க?"

அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏதோ நம்மால ஆனது சார்."

"இவரை மாதிரி இன்னும் எத்தனை பேர் எங்கெங்க உக்காந்திருக்காங்களோ! யாரையும் அனுப்பறதா இல்ல. நாலு பேரும் இருங்க. வேணும்னா அஞ்சாவதா ஒருத்தரைப் போடலாம்." படியில் இறங்கிக்கொண்டே, "என் சொந்த நம்பரையும் அவர்கிட்டக் குடுத்துட்டேன். வேற வழி தெரியல" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். திருகிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. காதை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள்.

மேலே வாத்தியார் எண்களைச் சத்தமாகப் படித்தபடி போனில் ஒவ்வொன்றாக அழுத்துவது கேட்டது. கீழே கார் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் மேனேஜரின் போன் அடிக்க ஆரம்பித்தது.