கொசு மருந்து அடித்த ஹெட்லைட்

அன்று குனியாசு வீட்டுக் கார் அரசு வாகனச் சோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டது. பிரேக், புகை, சக்கரம் எல்லாம் சரி. ஹெட்லைட் வெளிச்சம்தான் போதவில்லை. பதினாறு வருடம் வெயில் பட்ட பிளாஸ்டிக் மூடிகள் மஞ்சளேறி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தன. ஒரு நாளில் மூன்று முறைதான் வரிசையில் போகலாம்.

மூடிகளைத் தேய்ப்பதற்கான பெட்டி டிக்கியிலேயே இருந்தது. மனைவி ஷிஹோ வாங்கிக் கொடுத்தது. தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, இன்னும் மெல்லிய தாளுக்கு மாறி, பாலிஷ் போட்டு, கடைசியில் பூச்சு அடித்துக் காயவிட வேண்டும். அரை நாள் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டியது. மீன் பிடிக்கப் போய்விட்டான். இப்போது மணி மூன்றாகப் போகிறது; நாலு மணிக்குச் சோதனை முடிந்துவிடும்.

பக்கத்து வண்டிக்காரர் அவன் முழிப்பதைப் பார்த்து, கொசு விரட்டும் ஸ்ப்ரேயை நீட்டினார்.

"இதை அடிச்சுத் துடைங்க தம்பி. சோதிக்கிறவனுக்கே கண்ணு கூசும். ஆனா ஊருக்குப் போனதும் ஒழுங்கா தேய்ச்சிருங்க. இது நாள்பட்டா பிளாஸ்டிக்கைத் தின்னுடும்."

துடைத்ததும் மூடி புதிதுபோலப் பளிச்சிட்டது. மூன்றாவது முறை தேறிவிட்டான். தேறியதற்கான புது வில்லையை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, நிம்மதியாக வீடு வந்தான்.

ஷிஹோ வேலை செய்யும் முதியோர் இல்லம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு இருட்டில் இந்தக் காரில்தான் மலையேறி வர வேண்டும். இந்த லைட்டை வைத்துக்கொண்டு முடியாது, மாலை வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று வாசலில் நின்று மூடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்லா தேய்ப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா அடிப்பிடிச்ச பாத்திரத்தையெல்லாம் உங்க கிட்டயே கொடுத்திருப்பேனே."

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். அவன் சொல்லவில்லை. பூச்சு இரண்டு தடவை அடித்திருப்பதாகவும், குளிர்காலம் முழுக்கத் தாங்கும் என்றும் சொன்னான். அவள் உடனே இல்லத்துக்குப் போன் செய்து மார்ச் வரை மாலை வேலைக்கு ஒப்புக்கொண்டாள். அரை நாள் குனிந்து தேய்த்த புருஷனைப் பற்றிப் போனிலேயே பெருமையடித்துக்கொண்டாள்.

ஒழுங்காகத் தேய்க்கும் வேலை ஒரு ஞாயிறு தள்ளிப்போனது. இன்னொரு ஞாயிறும் போனது. நவம்பர் நடுவில் ஒரு காலை, காரின் மேல் படிந்த உறைபனியைத் தட்டும்போது பார்த்தான். மூடிக்குள் மயிரிழை போன்ற விரிசல்கள் நூற்றுக்கணக்கில் ஓடியிருந்தன.

ஷிஹோ தூங்கிக்கொண்டிருந்தபோது பெட்டியைப் பிரித்துத் தேய்த்தான். மேலே இருந்த மங்கல் போனது; விரிசல் போகவில்லை. அது ஆழத்தில் இருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சுவருக்கு நேரே லைட்டைப் போட்டுப் பார்த்தான். வெளிச்சம் எங்கும் சிதறி, தேவையான இடத்தில் மட்டும் விழாமல் இருந்தது. புது மூடிக்கு ஆர்டர் கொடுத்தான். பழைய மாடல், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம்தானே என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில், சாப்பிடும்போது ஷிஹோ சொன்னாள், கொஞ்ச நாளாக மலைப்பாதையில் வளைவு கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது என்று. நேற்று ஒரு மான் குறுக்கே வந்ததாம், அதன் கண் மட்டும்தான் தெரிந்ததாம். அவன் மிசோ சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல், கண்ணை டாக்டரிடம் காட்டச் சொன்னான்.

அவள் போய்க் காட்டிவிட்டும் வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். எனக்குத்தான் பயம் போல. வயசாகுதில்ல."

அப்போதும் அவன் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் ஆறே முக்காலுக்கு வாசலில் கார் சத்தம் கேட்கும்வரை கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றான்.

விரிசலைப் பார்த்த பன்னிரண்டாவது நாள் மாலை, மலையிலிருந்து பனிமூட்டம் ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. இல்லத்துக்குப் போன் செய்தான். அவள் கிளம்பிக் கால் மணி ஆகிவிட்டது என்றார்கள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள்.

தன் குட்டி லாரியை எடுத்துக்கொண்டு மலையேறினான். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புக் கம்பியைப் பார்த்தான். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. கணவாய் உச்சியில் வண்டி ஒதுக்கும் இடத்தில் நிறுத்தி, இறங்கி நின்றான். பள்ளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து, நடக்கிற வேகத்தில், இரண்டு வெளிறிய கறைகள் ஊர்ந்து வந்தன. அவன் கை காட்டினான். ஷிஹோ கண்ணாடியை இறக்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் தேய்க்கல ஷிஹோ. சோதனை அன்னிக்குக் கொசு மருந்து அடிச்சுத் துடைச்சேன். அதுல விரிஞ்சு போச்சு. உன் கண்ணுல ஒண்ணுமில்ல."

அவள் இன்ஜினை அணைத்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

"இன்னியோட ஒம்பது தடவை இந்த மலையை இருட்டுல தாண்டியிருக்கேன்" என்றாள்.

குரல் உயரவில்லை. காரை விட்டு இறங்கி, அவன் கையிலிருந்த லாரிச் சாவியை எடுத்துக்கொண்டாள். லாரியிலேயே இருவரும் போகலாம், காரை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அதை ஓட்டிட்டுப் பின்னாடி வாங்க."

காரில் உட்கார்ந்து லைட்டைப் போட்டான். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. சாலை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவை தூரப் போய், முதல் வளைவில் மறைந்தன.

தவழ்ந்து தவழ்ந்து வளைவைத் திரும்பினான். ஓரமாகச் சிவப்பு நின்றுகொண்டிருந்தது. அவன் நெருங்குவதற்குள் மறுபடி நகர்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே நின்றது. வீடு வரும்வரை எல்லா வளைவிலும் நின்றது. ஒரு தடவைகூட அவன் பக்கத்தில் வரும்வரை நிற்கவில்லை.