ஈயின் கண்ணில் ரோமம்

குதிரை ஈக்கு மார்ச் ஈ என்று பெயர்; வருவதோ ஜனவரியில். பெயர் வைத்தவனுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது என்று ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் சொல்லிச் சிரிப்பார்கள். வெர்னா சிரிக்கமாட்டாள். முப்பது வருடமாக அருங்காட்சியகத்தில் குதிரை ஈக்களை இனம் பிரித்துச் சொல்பவள் அவள். ஈ விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெருமைதான் அவளைக் குப்புறத் தள்ளியது.

தம்பி டார்சி மாடு வளர்ப்பவன். அவன் வேலிக்கு அப்பாலிருந்த சதுப்பை வடித்து வீட்டுமனை போட உள்ளூர்க் கவுன்சில் முடிவெடுத்தது. சதுப்பின் ஈரம் போனால் கோடையில் அவன் புல்வெளியும் போயிற்று. ஒரே ஒரு வழி இருந்தது. எழுபது வருடத்துக்கு முன் அங்கே ஒரு தடவை மட்டும் பிடிபட்ட ஈயினம் ஒன்று உண்டு; வேறெங்கும் கிடைத்ததில்லை. அது இன்னும் இருக்கிறது என்று காட்டினால் சட்டப்படி வேலை நிற்கும்.

டார்சி ஒன்றைப் பிடித்தே விட்டான். கழுத்தில் கடித்ததைத் தொப்பியால் ஒரே போடு போட்டு, கைக்குக் கிடைத்த ஜாம் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தான்.

"பாட்டிலக் கழுவக் கூடாதாடா? பிளம் ஜாம்ல முக்கி எடுத்திருக்கியே!"

"செத்த ஈக்கு என்னக்கா? நீ பாத்துச் சொல்லு."

சிறகு கந்தலாகியிருந்தது. மிஞ்சியது கண்தான். அந்த அபூர்வ ஈக்கும் ஊரெல்லாம் திரிகிற ஈக்கும் மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்று. அபூர்வமானதன் கண்ணில் மட்டும் மெல்லிய ரோமம் இருக்கும். வெர்னா ஈயைச் சாராயத்தில் ஊறவைத்து, தூரிகையால் ஜாமைத் தேய்த்தெடுத்து, பிறகு நுண்ணோக்கியில் வைத்தாள். கண் வழவழவென்று இருந்தது. சாதாரண இனம் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தம்பிக்காகப் பொய் சொல்லவில்லை என்று ஒரு நிம்மதி வேறு.

பதினோரு நாள் கழித்து, காய்ந்த ஜாம் ஒட்டியிருந்த அந்தத் தூரிகையைக் கழுவப் போனவளுக்கு என்னவோ உறுத்தியது. நுண்ணோக்கியில் வைத்தாள். ஜாமுக்குள் பொடிப்பொடியாகப் பழுப்பு ரோமம். முதலில் பார், பிறகு கழுவு என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கண்ணிலிருந்த ரோமத்தை அவளே தேய்த்தெடுத்திருக்கிறாள். கவுன்சில் அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"வெர்னா, ரோமம் இல்லன்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான். ஈயும் இப்ப அப்படித்தான இருக்கு? பிரஷ்ல இருக்கறது எந்த ஈயோடதுன்னு யார் சொல்றது? வேணும்னா வேற ஒண்ணு புடிச்சிட்டு வாங்க."

அவள் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

கருநீலம் கண்டால் இந்த ஈக்கள் மொய்க்கும். கருநீலச் சட்டை போட்டு, கையைச் சுருட்டிவிட்டு, சதுப்பின் ஓரத்தில் மூன்று நாள் உட்கார்ந்தாள். கடி, கடி என்று மனதுக்குள் கெஞ்சினாள். பத்தொன்பது கடித்தன. பத்தொன்பதும் வழுக்கைக் கண். டார்சி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலாம் நாள் இயந்திரம் இறங்கியது. தோண்டிக் குவித்த கருஞ்சேற்றில் ஐபிஸ் பறவைகள் இறங்கி எதையோ கொத்தித் தின்றன. வெர்னா ஓடிப்போய்ப் பறவைகளை விரட்டி, சேற்றைக் கிளறினாள். வெளுத்த புழு ஒன்று உள்ளங்கையில் நெளிந்தது. குதிரை ஈயின் புழுதான், சந்தேகமில்லை. டார்சி பின்னால் வந்து நின்றான்.

"அதுதானா?"

"புழுவுல எல்லாம் ஒண்ணு போலதான்டா இருக்கும். ஈயா மாற ஒரு வருஷம் ஆகும். இப்ப இதுக்குக் கண்ணே கிடையாது."

டார்சி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"கண்ணு இருந்த அன்னைக்கு நீ என்னத்தப் பாத்துக் கிழிச்ச?"

அவன் மாடுகளை ஓட்டிவரப் போய்விட்டான். புழுவை எங்கே விடுவது என்று தெரியாமல் வெர்னா அங்கேயே நின்றாள். இன்னும் ஒரு வருடம் ஈரம் தங்கும் இடம் சுற்றிலும் எதுவும் மிச்சமில்லை.