செஞ்சான்னும் செஞ்சானான்னும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழில் பேசினால் அபராதம். தமிழில் யோசித்தால் மட்டும் யாராலும் பிடிக்க முடியாது என்பதால் எல்லோரும் தமிழில் யோசித்து, அதை அப்படியே இங்கிலீஷில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முதல்வர் தங்கராசு வாசல் பலகையில் தன் பெயரை டி.ராஸ் என்று சுருக்கிப் போட்டிருந்தார். இங்கிலீஷ் வாத்தியார் செங்குட்டுவனுக்கு அப்படிச் சுருக்க ஒன்றும் தோதுப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அவர் எதிரில் வருகிறவர்களையெல்லாம் திருத்துவார்.

பன்னிரண்டாம் வகுப்பு தேவயானிக்கு இவர்கள் மேல் மரியாதை போய் ரொம்ப நாளாகியிருந்தது. பயம் மட்டும் போகவில்லை. அந்த நவம்பரில் அது இன்னும் கூடியது.

மழை விடாமல் பெய்த வாரம் அது. கலெக்டர் லீவு விடுவாரா மாட்டாரா என்று நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பே போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், முதல்வரின் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் எல்லா குரூப்பிலும் சுற்றியது. "டியர் பேரன்ட்ஸ், டுமாரோ ஸ்ட்ரிக்ட்லி ஹாலிடே." மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த குழு காலி பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனது. தங்கராசு அப்படி ஒரு மெசேஜ் அனுப்பவேயில்லை.

செய்தது அபி. தேவயானியின் வகுப்புதான். டியூஷன் முடிந்து மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில், பள்ளியின் யூடியூப் வீடியோவிலிருந்து முதல்வரின் குரலை எடுத்து ஏதோ ஒரு ஆப்பில் போட்டு அவன் அதைத் தயாரித்தபோது, தேவயானி பக்கத்தில்தான் நின்றாள். வெறுமனே நின்றிருந்தாலும் பரவாயில்லை. "சார் பேசுனா ஸ்ட்ரிக்ட்லி வராம இருக்குமாடா" என்று அந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னதே அவள்தான். முதலில் செய்து பார்த்ததைச் சத்தமாக ஓடவிட்டு, வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அவளுக்கும் அனுப்பினான். அதன் கடைசியில் அவள் சிரிப்புச் சத்தமும் இருந்தது. சும்மா விளையாட்டுக்கு என்றுதான் அவள் நினைத்தாள். அவனோ வேறொரு சிம்மைப் போட்டு ஊருக்கே அனுப்பிவிட்டான்.

அபியின் அப்பா மைன்ஸில் பெரிய அதிகாரி. தேவயானியின் அப்பா ராஜ்மோகன் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர். தீபாவளிக்கு அபி வீட்டுக்கு அல்வா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று தடவை வணக்கம் சொல்லிவிட்டு வருவார். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துதான் அபி அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க முதல்வருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அறிவழகன். குழந்தைகள் தின விழாவில் மேடையேறி முதல்வர் மாதிரியே பேசிக் காட்டியவன். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தங்கராசுதான். தானே மேடையேறித் தன் பேனாவையே பரிசாகக் கொடுத்தார். அந்தப் பேனாவை வாங்கியவன் இன்று சாட்சியே தேவையில்லாத திருடன் ஆகிவிட்டான். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பையன். அப்பா பெரியண்ணன் நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே கான்ட்ராக்டில் வேலை செய்பவர். இப்படிப்பட்ட வீட்டுப் பையன்தான் இப்படிப்பட்ட வேலை செய்வான் என்று முடிவு கட்டுவதற்குத் தங்கராசுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. படித்திருந்ததும் அந்த அளவுக்குத்தான்.

ஆனாலும் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். வகுப்பில் ஒவ்வொருவரையும் அறைக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி, இங்கிலீஷில்: அறிவழகன் செய்திருப்பான் என்று நினைக்கிறாயா? போனவர்கள் எல்லோரும் "நோ ஐடியா சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

தேவயானி வராந்தாவில் நின்றபடி தன் பதிலைத் தயார் செய்தாள். இல்லை என்று சொன்னால் அடுத்து யார் என்பார்கள். தெரியாது என்பது பொய். உண்மையாகவும் இருக்க வேண்டும், தலையும் உருளக் கூடாது. அவளுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. இங்கிலீஷ் சீரியல்களில் துப்பறிகிற பெண்கள் தோளை லேசாகக் குலுக்கிக்கொண்டு சொல்வது. அப்படி இருக்காது என்று அர்த்தம். ஆனால் அடித்துச் சொன்னதாகவும் ஆகாது. எவ்வளவு நாகரிகமான வார்த்தை.

"ஐ டவுட் இட், சார்," என்றாள்.

தோளைக்கூட லேசாகக் குலுக்கினாள். தங்கராசு, பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த செங்குட்டுவனைப் பார்த்தார். செங்குட்டுவன் தலையாட்டினார். அவனைக் காப்பாற்றியாயிற்று, தானும் மாட்டவில்லை என்று வெளியே வரும்போது அவளுக்கு ஒரு பெருமை வேறு. தேர்ந்தெடுத்த கோழைத்தனம் புத்திசாலித்தனம் மாதிரியே இருக்கும்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. தேவயானியே அறிவழகனை டவுட் பண்றாளாம். இங்கிலீஷில் முதல் மார்க் வாங்குகிறவள் ஒரு வார்த்தை சொன்னால் சும்மாவா. அவனுக்கு டி.சி. கொடுக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது டி.சி. வாங்கினவனை எந்தப் பள்ளி எடுக்கும்?

அவளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தாள். ஓடிப்போய் ஆசிரியர் அறையில் செங்குட்டுவன் முன்னால் நின்றாள். அவர் பண்ருட்டி முந்திரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

சார், நான் சொன்னதை நீங்கள் மாற்றி எடுத்துக்கொண்டீர்கள் என்று ஆரம்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதைவிடப் பொறுமையாக விளக்கினார்.

"டவுட்னா என்னம்மா? சந்தேகம். யார் மேல சந்தேகம்? அவன் மேல. 'ஆன் ஹிம்'னு சொல்லாம 'இட்'டுன்னுட்ட. பயத்துல வர்ற மிஸ்டேக்தான். ரிப்போர்ட்ல நான் திருத்தி எழுதிட்டேன்."

அவள் தமிழுக்கு மாறினாள். அபராதம் போட்டால் போடட்டும்.

"சார், அவன் செஞ்சான்னு சந்தேகம்கறது வேற. அவன் செஞ்சானான்னு சந்தேகம்கறது வேற. நான் ரெண்டாவதத்தான் சொன்னேன்."

செங்குட்டுவன் ஒரு முந்திரியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி யோசித்தார். முகத்தில் நிஜமாகவே ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது.

"ரெண்டுலயும் சந்தேகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்ப டவுட் இருக்கு. அதத்தான எழுதியிருக்கேன்."

இருபது வருஷமாக இந்த மனிதர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவருகிறார். அவரிடம் படித்தவர்கள் இன்று என்னென்ன நாடுகளில், என்னென்ன நினைத்து என்னென்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. தமிழில் ஒரு 'னா' கூடினால் அர்த்தம் தலைகீழாகப் போகும் என்பது பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுகிறவருக்கே தெரியவில்லை. இங்கிலீஷில் மட்டும் தெரிந்துவிடுமா?

அவள் போகத் திரும்பியபோது அவர் தற்செயலாகக் கேட்டார். "சரி, அவன் செய்யலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவரிடமிருந்து வந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான். தேவயானி "சும்மா தோணுச்சு சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், அப்பாவிடம் முழுவதையும் சொன்னாள். அபி பெயர் வந்ததுமே ராஜ்மோகன் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்குமாம். திரும்பி வந்து உட்கார்ந்தவர் விஷயத்தைத் திருநெல்வேலி நிதானத்தோடு எடைபோட்டார்.

"ஏட்டி, டவுட்டுன்னுதான சொன்ன? அவன்தாம்னு அடிச்சாச் சொன்ன? நாளைக்கு இப்படியும் சொல்லிக்கிடலாம், அப்படியும் சொல்லிக்கிடலாம். நல்ல வார்த்தைதான். அதோட விடு."

"அவனுக்கு டி.சி. குடுக்கப்போறாங்கப்பா."

"குடுக்கட்டும். நீயா குடுக்க?"

அம்மா உமாராணி குழம்பு ஊற்றிக்கொண்டே அவன் எந்த ஊர்ப் பையன் என்று கேட்டாள். சொன்னதும், அப்படியா என்று மோரை எடுக்கப் போய்விட்டாள். அந்த வார்த்தை எதற்கு அவ்வளவு நாகரிகமாகத் தோன்றியது என்று தேவயானிக்கு அப்போது புரிந்தது. அது அவள் அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவள்தான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் அறிவழகனைப் பிடித்தாள். அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். அவள் அவசரமாக விளக்கினாள். டவுட் இட் என்றால் அப்படி இருக்காது என்று அர்த்தம், நான் உனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன், அந்த முட்டாள்களுக்குத்தான் புரியவில்லை. டிக்‌ஷனரியைத் திறந்து போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் படித்துப் பார்த்தான். ஒழுங்காகவே படித்தான்.

"செரி. நீ சொன்னது கரெக்ட்டுதான்," என்றான். "என்னா, இங்கிலீஸ்ல என்னெக் காப்பாத்திகினு இருந்தியா?"

அவள் போனை இறக்கினாள்.

"எங்கப்பனுக்கு மூணு நாளா தூக்கமில்ல. நான்தான் பண்ணிட்டேன்னு வூட்டுல எல்லாரும் நம்பிகினு இருக்காங்க. ஏன்னு கேளு. நல்லாப் படிக்கிற பொண்ணே சொல்லிடிச்சாம். நான் இல்லன்னு இவ்ளோ அடிச்சுச் சொல்றியே, அப்ப யாரு பண்ணதுன்னு ஒனக்குத் தெரியும். தெரியாதவன் 'நோ ஐடியா'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். தெரிஞ்ச நீதான் டவுட்டுங்கற."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகையில், இனிமேல் எனக்குச் சாதகமாக எதுவும் பேசிவிடாதே என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்றமடிக்கிற எதையோ தாண்டிப் போகிறவன் மாதிரி போனான்.

வெள்ளிக்கிழமை முதல்வர் அறையில் பெரியண்ணன் நின்றுகொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். சட்டைக் காலரில் நிலக்கரித் தூசி. முன்னால் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லும் வழக்கம் அந்த அறையில் ஆளைப் பார்த்து வரும். தங்கராசு அவரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். அதைச் செங்குட்டுவன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தமிழர்கள் மூன்றாவது தமிழனிடம் பேச இவ்வளவு ஏற்பாடு. அறிவழகன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவயானி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். 

"இன் இங்கிலீஷ்," என்றார் தங்கராசு, அவள் வாயைத் திறந்ததுமே.

"மாட்டேன் சார். இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்குப் புரியல."

அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அறிவழகன் செய்யல. அபி செஞ்சான். நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன். ஸ்ட்ரிக்ட்லின்னு சேக்கச் சொன்னது நான்தான்."

போனை மேசையில் வைத்து அந்த முதல் மெசேஜை ஓடவிட்டாள். தங்கராசுவின் குரலில் தங்கராசு ஸ்ட்ரிக்ட்லி விடுமுறை விட்டார். பின்னாலேயே அவள் சிரிப்பு, மழைச் சத்தம், "சூப்பர்டா அபி" என்ற அவள் குரல். அது அந்த அறையில் கேட்க மகா அசிங்கமாக இருந்தது.

 அபியின் அப்பா யார் என்பது தங்கராசுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அது முகத்தில் படிப்படியாகத் தெரிந்தது. அறிவழகன் என்று நினைத்தபோது கழுத்து வரை ஏறியிருந்த கோபம், அபி என்றதும் எப்படி இறங்குவது என்று வழி தேடியது. கடைசியில் குரலைத் தணித்து, முதன்முறையாகத் தமிழிலேயே பேசினார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றார். அபியைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். தேவயானி மட்டும் ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம், அப்பாவுடன் வந்து மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்பா எப்படி வருவார், வந்து என்ன முகத்தோடு நிற்பார் என்று அவள் நினைத்தாள்.

பிறகு தங்கராசு மேசை மேல் தயாராக இருந்த டி.சி.யை டிராயருக்குள் தள்ளிவிட்டுப் பெரியண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்க பையனுக்கு பெனிஃபிட் ஆஃப் டவுட் குடுக்கறோம்."

"சந்தேகத்தின் பலன்," என்று மொழிபெயர்த்தார் செங்குட்டுவன். "உங்க பையனுக்குச் சாதகமா சார் குடுத்திருக்கார்."

பெரியண்ணனுக்கு அதில் பலன் என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். மகன் பிழைத்தான் என்று தெரிந்தது. கண் கலங்கியது. "ரொம்ப நன்றிங்க, ஐயா," என்று இரண்டு கையையும் கூப்பித் தலைக்கு மேல் தூக்கினார். தங்கராசு பரவாயில்லை என்று தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

சந்தேகமே இல்லையே சார் என்று சொல்லத் தேவயானிக்கு வாய் வரை வந்தது. அதற்குள் சுவரோரம் நின்றவன் நகர்ந்து வந்தான். அவன் முதல்வரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எறக்கு, ப்பா," என்றான். "கைய எறக்கு."

பெரியண்ணன் புரியாமல் மகனைப் பார்த்தார். கை இறங்கவில்லை. அறிவழகன் அதைப் பிடித்து இழுத்து, இறக்கி, இடுப்போடு வைத்து அழுத்திக்கொண்டே அவரை வெளியே கூட்டிப்போனான்.